கோயில் அலுவலக மேசையில் காத்துக் கிடக்கும் மனிதவள வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கில் பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவு, கிடங்கு, வரவேற்பு மேசை என்று வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு மனிதவளப் பிரிவுக்கு மாற ஆசை. டிப்ளோமா முடித்திருக்கிறார்கள், சிலர் பகுதிநேரமாகப் பட்டமும் வாங்கிவிட்டார்கள். விண்ணப்பம் போட்டால் வருவது ஒரே பதில்: இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். இருக்கும் கம்பெனியில் அந்தப் பிரிவில் இடம் காலியாவதில்லை, வெளியே அனுபவம் இல்லாதவரை எடுப்பதில்லை. இப்படியே மூன்று நான்கு வருடம் ஓடிவிடுகிறது.

அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் போய்வரும் கோயிலில் குருக்கள் இருவர், நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இருவர், மடப்பள்ளியில் ஒருவர், துப்புரவுக்கு ஓர் அம்மா என்று ஆறு பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். இந்த ஆறு பேருக்கும் நியமனக் கடிதம் உண்டா, சம்பளச் சீட்டு கொடுக்கப்படுகிறதா, எத்தனை நாள் விடுப்பு பாக்கி என்று கேட்டால் உடனே பதில் சொல்லக்கூடிய செயலாளர்கள் குறைவு. தமிழ்ப்பள்ளி வளாகத்துப் பாலர் பள்ளி, லிட்டில் இந்தியா துணிக்கடை, குடும்பமே நின்று நடத்தும் சாப்பாட்டுக் கடை எங்கும் நிலைமை இதுதான். அனுபவம் தேடும் ஆளும் ஆள் இல்லாத வேலையும் ஒரே தெருவில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைப்பது எப்படி என்று விவரமாக எழுதவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நேர்முகத்தில் மனிதவள மேலாளர் பதவிப் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. எந்தெந்தத் தாளைக் கையாண்டிருக்கிறீர்கள், எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எங்கே தப்பு வந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்றுதான் துருவுவார். ஆறு பேருக்கு ஆறு மாதம் சம்பளம் போட்டவர் அந்தக் கேள்விகளுக்குத் தடுமாறமாட்டார். சான்றிதழ் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பதே எங்கள் கருத்து. அடிப்படை படிக்க வேண்டுமென்றால் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கோர்ப் நடத்தும் இ-லத்தே இணையத் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன.

தொடங்க வேண்டிய இடம் ஊழியர் கோப்பு. ஆளுக்கு ஒரு கோப்பு. அதில் அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் நகல், நியமனக் கடிதம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எண், சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) பதிவு, வங்கிக் கணக்கு விவரம், விடுப்புப் பதிவு, மாதாமாதம் சம்பளச் சீட்டின் நகல். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வாய்ச்சொல்லில் இருபது வருடம் ஓடிய கோயில்களில் இந்தக் கடிதத்தைத் தயாரிப்பதே நல்ல பயிற்சி. என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து, சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள், விடுப்பு, விலகல் அறிவிப்பு எல்லாம் அதில் வர வேண்டும். அறிவிப்புக் காலம் கடிதத்தில் விடுபட்டால் சட்டம் சொல்வது நிற்கும்: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். ஆண்டு விடுப்பும் அதே படிகளில் 8, 12, 16 நாள். மருத்துவ விடுப்பு 14, 18, 22 நாள். பழைய ஊழியருக்குப் புதிதாகக் கடிதம் எழுதும்போது பலர் செய்யும் பிழை, கடிதத் தேதியையே வேலை தொடங்கிய தேதியாகப் போடுவது. பதினைந்து வருடச் சேவை ஒரு வரியில் அழிந்துபோகும். முதலில் சேர்ந்த தேதியைப் பழைய கூட்டக் குறிப்பிலோ இபிஎஃப் அறிக்கையிலோ தேடிப் பிடித்து அதையே எழுத வேண்டும். ஊழியர் பதிவேடுகளை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதையும் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். நிர்வாகம் மாறும்போது பழைய கோப்புகளைத் தூக்கிப் போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

அடுத்து சம்பளக் கணக்கு. கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதும் ஊழியருக்கு நேரடியாக நட்டம் வருவதும் இங்கேதான். ஒரு கடை உதவியாளரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் இப்போதைய குறைந்தபட்சமான 1,700 வெள்ளி (ரிங்கிட்), வாரம் ஆறு நாள் வேலை. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், முன்பு 48. ஆறு நாளும் எட்டு மணி நேரம் போட்டால் 48 வந்துவிடும். பல கடைகளின் அட்டவணை இன்னும் அப்படியேதான் ஒட்டப்பட்டிருக்கிறது. நாளுக்கு ஏழரை மணி என்று முதலில் அதைத் திருத்த வேண்டும். ஓவர்டைமுக்கு மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பது சட்டம்: 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆக 13 வெள்ளி 8 காசு. இதையே 30ஆல் வகுத்து, எட்டு மணியும் போட்டு ஒன்றரை மடங்கு ஆக்கினால் 10 வெள்ளி 63 காசுதான் வரும். மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்பவருக்கு 98 வெள்ளி குறைகிறது. முதலாளி ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, மாதத்துக்கு முப்பது நாள் என்ற நினைப்பில் செய்வது. ஓய்வு நாளில் வேலை நேரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் தாண்டினால் மூன்று மடங்கு என்பதையும் அதே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மாத நடுவில் சேர்ந்தவருக்கு 26 செல்லாது. அங்கே அந்த மாதத்தின் உண்மையான நாட்களைத்தான் பயன்படுத்த வேண்டும். மார்ச் 10ஆம் தேதி சேர்ந்தவருக்கு 31 நாளில் 22 நாள் சம்பளம்: 1,206 வெள்ளி 45 காசு. இந்த இரண்டு வகுத்தலையும் குழப்பிக்கொள்ளாமல் விளக்கக் கூடியவரை நேர்முகத்தில் யாரும் புதுமுகம் என்று நினைக்கமாட்டார்கள்.

சம்பளம் போட்ட பிறகு பிடித்தங்கள். 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு இபிஎஃப்பில் முதலாளி 13 விழுக்காடு, ஊழியர் 11. 5,000க்கு மேல் முதலாளி 12. 1,700 வெள்ளிக்கு 221ம் 187ம். கணினித் தாளில் விழுக்காடு போட்டுப் பெருக்கிவிடாமல் இபிஎஃப் வாரியத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்த்துத்தான் தொகையை எடுக்க வேண்டும், ஏனென்றால் அட்டவணை படிப்படியாகச் செல்வது. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் இல்லை, சொக்சோ உண்டு. ஆண்டு போனஸுக்கு இபிஎஃப் உண்டு, சொக்சோ இல்லை. தலைகீழாகப் போடுவது எல்லோரும் முதல் மாதத்தில் செய்யும் பிழை. சொக்சோவுக்கான சம்பள வரம்பு 2024 அக்டோபரிலிருந்து 6,000 வெள்ளி. அறுபது வயது தாண்டிய மலேசிய ஊழியருக்கு இபிஎஃப்பில் முதலாளி 4 விழுக்காடு, ஊழியரிடம் பிடிக்க வேண்டியதில்லை. கோயில்களில் வயதான ஊழியர்கள் நிறைய என்பதால் இது அடிக்கடி தேவைப்படும்.

இந்தியாவிலிருந்து வந்த குருக்களுக்கும் மேளக்காரர்களுக்கும் இபிஎஃப் கிடையாது என்று நம்பிக்கொண்டிருக்கும் நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் இரு தரப்பும் 2 விழுக்காடு செலுத்துவது கட்டாயம். சொக்சோவும் அவர்களுக்கு 2019 முதலே இருக்கிறது. தேர் இழுக்கும்போதோ மடப்பள்ளியிலோ ஒருவருக்கு அடிபட்டால், ஊரில் இருக்கும் அவர் குடும்பத்துக்குக் கை கொடுப்பது அந்தப் பதிவுதான். தங்குமிடம், சாப்பாடு கொடுக்கிறோம் என்று சொல்லி நிர்வாகமே ஒரு தொகையைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. எதைப் பிடிக்கலாம் என்பதை வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது.

தேதிகள். சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். இபிஎஃப், சொக்சோ, இஐஎஸ் (வேலை இழப்புக் காப்புறுதி), பிசிபி (மாதாந்திர வருமான வரிப் பிடித்தம்) நான்கும் 15ஆம் தேதிக்குள். புது ஊழியரை வருமான வரி வாரியத்துக்கும் சொக்சோவை நடத்தும் பெர்கேசோவுக்கும் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் இஏ பாரம் பிப்ரவரி கடைசிக்குள் ஊழியர் கையில் இருக்க வேண்டும், முதலாளி வரி வாரியத்துக்குத் தரும் இ பாரத்துக்குக் கெடு மார்ச் 31. இதனால்தான் நவம்பரில் தொடங்கச் சொல்கிறோம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு மாதம் இருந்தால் ஆண்டுக் கடைசி விடுப்புப் பாக்கி, போனஸ், தைப்பூசத்து ஓவர்டைம், இஏ, இ பாரம் எல்லாம் ஒரு சுற்று கையில் வந்துபோகும். மே மாதத்தில் சேர்ந்து அக்டோபரில் விலகுபவருக்கு வெறும் மாதாந்திர வேலை மட்டுமே கிடைக்கும்.

கடைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வேலை உண்டு. பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் இருந்தால், சட்டத்தில் வரும் தொழில்களில் ஊழியர் பயிற்சி நிதிக்கான எச்ஆர்டி லெவி சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டாயம். பன்னிரண்டு பேர், தலைக்கு 2,000 வெள்ளி என்றால் மாதம் 240, வருடம் 2,880 வெள்ளி. மாதாமாதம் கட்டிவிட்டு ஒரு காசும் திரும்ப எடுக்காத கடைகள் இருக்கின்றன. அந்தப் பணத்தில் ஊழியருக்குப் பயிற்சி ஏற்பாடு செய்து, மானிய விண்ணப்பம் போட்டு, கோரிக்கையை முடித்துக் கொடுத்தால் பயிற்சிப் பிரிவு அனுபவம் என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம். விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன்பே போக வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு ரசீதைத் தூக்கிக்கொண்டு போனால் ஒன்றும் நடக்காது.

இதற்கெல்லாம் முன் இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் சொந்த நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளிவேலை கூடாது என்ற வரி பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். ஊதியமில்லாத தொண்டு என்றாலும் மேலதிகாரிக்கு நாலு வரி எழுதிவிடுங்கள்: எந்த அமைப்பு, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, வேலை நேரத்துக்கு வெளியே என்ற உறுதி, கம்பெனியின் கணினியோ ஆவணமோ பயன்படுத்தப்படாது என்ற உறுதி. பதில் வந்த பிறகே தொடங்குங்கள். உங்கள் கம்பெனியின் ஊழியர் கையேட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கோயிலுக்குக் கொடுப்பது பெரிய தப்பு. அது கம்பெனியின் சொத்து, தெரியவந்தால் இருக்கும் வேலையும் போகும்.

இரண்டாவது, ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது. கடைக்காரர் நல்ல மனசோடு தலைக்கு இருநூறு வெள்ளி நீட்டுவார். வாங்காதீர்கள். காசுக்கு ஆள் சேர்த்துவிடும் தொழிலுக்கு 1981ஆம் ஆண்டு தனியார் வேலை வாய்ப்பு முகவர் சட்டத்தின்படி உரிமம் தேவை. மனிதவளத் துறைக்கு வர விரும்பும் ஒருவர் அந்தச் சட்டத்திலேயே மாட்டிக்கொள்வது போல் துயரம் வேறில்லை. ஆட்களை நேர்முகம் செய்து கொடுங்கள், மைஃபியூச்சர்ஜோப்ஸ் வேலை வாய்ப்புத் தளத்தில் கடைக்காரர் தன் பெயரிலேயே விளம்பரம் போட உதவுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேர்முகம் செய்யும் முறையையும் இங்கேயே பழகிவிடலாம். எல்லோரிடமும் அதே ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், இரண்டு பேர் தனித்தனியாக எழுதிவிட்டுப் பிறகுதான் பேசிக்கொள்வது. முதலிலேயே பேசினால் மூத்தவர் சொன்னதே இளையவர் தாளிலும் ஏறிவிடும். "கல்யாணம் எப்போ, பிள்ளை பெத்துக்கப் போறியா" என்று கேட்கும் வழக்கம் நம் கடைகளில் சகஜமாக இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தாளிலிருந்து எடுக்க வைப்பதே உங்கள் முதல் சாதனை. பிரசவ விடுப்பு இப்போது 98 நாள், தகுதியுள்ள அப்பாவுக்கு 7 நாள் என்று முதலாளிக்கு அமைதியாக எடுத்துச் சொல்லிக் கணக்கையும் காட்டுங்கள்.

தைப்பூசத் தொண்டும் மனிதவள அனுபவமா என்று பலர் கேட்பதுண்டு. ஓரளவுக்கு. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் காலை ஆறு முதல் நள்ளிரவு வரை நடந்தால் 18 மணி நேரம், ஆறு ஆறு மணியாக மூன்று முறை. முறைக்கு எட்டுப் பேர்: சமையலுக்கு மூன்று, பரிமாற மூன்று, குப்பைக்கு ஒருவர், எதற்கும் ஒருவர். மாறும்போது அரை மணி இரு குழுவும் சேர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று புதுக் குழுவுக்குத் தெரியாது. ஐந்தில் ஒருவர் வரமாட்டார் என்று வைத்துக்கொண்டே பட்டியல் போடுங்கள். எல்லோரும் மாலை முறைக்கே பெயர் கொடுப்பார்கள்; காலை முறையை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மாலையைத் திறக்க வேண்டும். உணவைத் தொடுபவர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்ட சான்று இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இது ஆள் பங்கீட்டு அனுபவம். சட்டமும் சம்பளமும் இதில் இல்லை. அதனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனால் போதாது. சம்பளக் கோப்போடு சேர்த்துச் சொன்னால் எடுபடும்.

ஒழுங்கு நடவடிக்கை பக்கம் மட்டும் தனியாகப் போகாதீர்கள். கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொல்லிவிடும் முதலாளிகள் அதிகம். வேலை நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்யலாம். அது தொழில்துறை நீதிமன்றம் வரை போகும். விளக்கம் கேட்கும் கடிதம், பதில் சொல்ல அவகாசம், சம்பவத்தில் சம்பந்தமில்லாதவர்களைக் கொண்ட உள்விசாரணை, இருதரப்பும் கையெழுத்திட்ட குறிப்பு என்று வரிசையாக நடக்க வேண்டிய காரியம் இது. புதியவர் அங்கே குறிப்பெழுதுபவராக உட்காரலாம், அதற்கு மேல் வேண்டாம். இதைக் கற்க இன்னொரு வழி செலவில்லாதது. தொழில்துறை நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடக்கின்றன. வாரம் ஒன்று எடுங்கள். நடந்ததைச் சொல்லும் பகுதியை மட்டும் படித்துவிட்டு மூடுங்கள், நீங்கள் நீதிமன்றத் தலைவராக இருந்தால் என்ன தீர்ப்பு என்று அரைப் பக்கம் எழுதுங்கள், பிறகு மிச்சத்தைப் படியுங்கள். 1981ஆம் ஆண்டு கூன் குவீ போய் வழக்கு அடிக்கடி மேற்கோளாக வரும்: முதலாளி சொன்ன காரணம் நிரூபிக்கப்பட்டதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், பின்னால் புதிதாக ஒரு காரணத்தைக் கொண்டுவர முடியாது. இருபது தீர்ப்பு இப்படிப் படித்தவருக்கு நீக்கக் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லும் ஏன் முக்கியம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே தொழிற்சங்கம் இருந்தால் அதன் செயற்குழுவும் நல்ல பள்ளிக்கூடம். கூட்டு ஒப்பந்தப் பேச்சு, புகார் கையாளுதல் எல்லாம் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரியும். மனிதவளப் பதவிக்கு மாறிய பிறகு அந்தச் சங்கத்தில் இருக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். நாற்பது அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு கட்டாயம் இருக்கும். அதற்கும் பெயர் கொடுக்கலாம்.

ஊழியரின் அடையாள அட்டை நகலைப் பற்றி ஒரு வார்த்தை. நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் அதைப் பகிரவே கூடாது. சம்பள விவரமும் அப்படித்தான். குருக்களின் சம்பளம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் யாரும் உங்களிடம் ஒரு தாளையும் கொடுக்கமாட்டார்கள். பூட்டிய அலமாரி, கடவுச்சொல் போட்ட கணினிக் கோப்பு, சாவி இரண்டு பேரிடம் மட்டும்.

இனி ஆலயத் தலைவர்கள், செயலாளர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவரையும் அன்போடு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை வந்து கேட்டால் தோரணம் கட்டவும் நாற்காலி அடுக்கவும் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். பொருளாளர் பக்கத்தில் உட்காரவையுங்கள். பணம் செலுத்தும் அதிகாரம் பொருளாளரிடமே இருக்கட்டும். கணக்குத் தயாரிப்பதும் கோப்பு பார்ப்பதும் அந்தப் பிள்ளையிடம் இருக்கட்டும். அப்படிப் பிரித்தால் இருவருக்கும் பாதுகாப்பு. பழைய பாக்கி ஏதாவது வெளியே வந்தால் பிள்ளையின் மேல் கோபப்பட வேண்டாம். விட்டுப்போன இபிஎஃப், சொக்சோ சந்தாவுக்குத் தாமதக் கட்டணமும் வட்டியும் நாளாக நாளாக ஏறும்.

ஆறு மாதம் முடிந்ததும் அமைப்பின் கடிதத் தாளில் ஒரு சான்று கொடுங்கள். "சிறப்பாகத் தொண்டாற்றினார்" என்ற ஒற்றை வரி எந்தக் கம்பெனிக்கும் பயன்படாது. இப்படி எழுதுங்கள்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வாரம் நான்கு மணி நேரம், இரண்டு வெளிநாட்டவர் உட்பட ஆறு ஊழியர்களின் சம்பளக் கணக்கு, இபிஎஃப், சொக்சோ, இஐஎஸ் சந்தாப் பட்டியல், ஆறு நியமனக் கடிதங்கள், விடுப்புப் பதிவு, இஏ பாரங்கள் ஆகியவற்றைத் தயாரித்தார், ஆறு மாதமும் 15ஆம் தேதிக்குள் சந்தா செலுத்தப்பட்டது. கீழே செயலாளர் கையெழுத்து, பகலில் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு உண்மையாகவே அழைப்பு வரும், தயவுசெய்து எடுங்கள்.

இப்படிக்கு,
மனிதவளப் பணியில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
பிறை, பினாங்கு.